ஐந்து ஞாயிறு பார்த்த வண்டி

பழைய கார் பார்க்கப் போகிறவன் தனியாகப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், அவருடைய காருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்னொருவன் பின்னால் குந்தி, வருகிற புகை நீலமா கறுப்பா வெள்ளையா என்று பார்க்க வேண்டும். ஒருவன் பிரேக்கை அமுக்கினால், இன்னொருவன் விளக்கு எரிகிறதா என்று சொல்ல வேண்டும். ஒருவன் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால், இன்னொருவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொடுக்க வேண்டும். அதிலும் நான் பார்க்கப் போனது சாதுவான குடும்ப வண்டி இல்லை. சின்ன உடம்பு, டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின், மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்ட வைக்கிற ரகம். அப்படிப்பட்ட வண்டியை முன்னால் வைத்திருந்தவன் எந்த லட்சணத்தில் ஓட்டினான் என்று தெரிந்துகொள்ள நாலு கண்ணும் நாலு காதும் வேண்டும்.

என்னிடம் அதில் பாதிதான் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். இருநூறு பெயருக்கு மேல் இருக்கும். டிரெய்லர் டிரைவர்கள், யார்டு ஆட்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ‘கொஞ்சம் கூட வர்றியா’ என்று கேட்கிற மாதிரி ஒருவர்? விரல் கடைசிப் பெயர் வரை போய் நின்றுவிட்டது. சீ, என்ன பிழைப்பு என்று போனைப் பைக்குள் போட்டேன்.

“இன்னா நைனா, தனியாவா வந்த? தோஸ்து யாரையும் இஸ்துகினு வர்லியா?” என்றார் வண்டிக்காரர்.

“எனுக்கு எதுக்குண்ணே ஆளு? நம்ம வேலையே இதான்” என்று வீம்பாகச் சொன்னேன்.

வேலை அதுதான், பொய்யில்லை. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சர்வேயர். பெட்டி கேட்டுக்குள் வரும்போது அதைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். போட்டதையெல்லாம் அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். கொண்டுவந்த டிரைவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், பெட்டி எங்களுடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நசுங்கலுக்காக யாரும் யாரையும் கேட்க முடியாது. வட்டம் போட்ட பெட்டிக்கு யார்டில் இடம் உண்டு. வட்டம் போடாமல் வெளியே நிற்கிற பெட்டிதான் பேஜார். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

இந்த வேலைக்கு வேண்டிய கண், வீட்டுக்குப் போனாலும் மூடாது. கல்யாணமான மூன்றாம் வருடம் என் மனைவி கிளம்பிவிட்டாள். “உன் கண்ணுக்கு நா ஒரு நாளாவது முழுசா தெரிஞ்சிருக்கனா?” என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல், அவள் கட்டி வைத்திருந்த பெட்டியின் ஜிப் ஓரத்தில் சரியாக மூடவில்லை என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான். எனக்குக் கோபம் வந்தால் வாய் இப்படித்தான் எதையாவது எடுத்துக் கொடுக்கும். பதினேழு வருடம் ஆகிறது.

வார நாட்கள் ஆறும் எப்படியோ ஓடிவிடும். யார்டின் சத்தத்தில் நாம் ஒரு ஆள் என்பதே மறந்துவிடும். ஞாயிறுதான் என்னைக் கொல்லும். மாடியில் ஒற்றை அறை. கீழே, எதிரே, பக்கத்திலே எல்லா வீட்டிலும் மசாலா அரைக்கிற சத்தமும் மீன் வறுக்கிற வாசனையும். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல். ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி திரும்பிப் பார்ப்பேன், என்னைத்தானோ என்று. வெட்கம் கெட்ட பழக்கம். இந்த ஒரு நாளை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்றுதான், சின்ன வயதிலிருந்து மனதில் கிடந்த வேகமான கார் ஆசையை நாற்பத்தெட்டு வயதில் தூசி தட்டி எடுத்தேன்.

யார்டில் சிரித்தார்கள். “எண்ணூர் ஐரோட்டுல டிரெய்லரு லைன் கட்டி நிக்குது. நீ எங்க மாமு பறக்கப் போற?” என்றான் கிரேன் ஓட்டுகிறவன். நியாயமான கேள்விதான். பறக்க வேண்டும் என்று யார் சொன்னது, போக வேண்டும், அவ்வளவுதானே என்று சொல்ல நினைத்தேன். எங்கே என்று கேட்டிருப்பான். வாயை மூடிக்கொண்டேன்.

வண்டிக்காரருக்கு அறுபத்தைந்து, அறுபத்தாறு வயது இருக்கும். துறைமுகத்தில் கப்பலைக் கட்டி இழுக்கிற டக் படகில் எஞ்சின் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். “முப்பத்தி நாலு வருசம் நைனா. எஞ்சினு யானை மேறி கீது, வேகம் மாட்டு வண்டி. ரிட்டேராயி மொத வேலயா இத்த வாங்கனேன். எனுக்கு மண்ட கொயம்பிடுச்சின்னு வூட்ல சொன்னாங்க” என்றார்.

“இப்பவும் அதான் சொல்றோம்” என்றார் கதவருகே நின்றிருந்த அவர் மனைவி.

விற்கிற காரணத்தையும் மறைக்கவில்லை. கண்ணில் பிரஷர் ஏறி, இரண்டு பக்கமும் ஓரம் தெரியாமல் போய்விட்டது. டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றுவிட்டார். தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடுவாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

அன்றைக்கு மேலோட்டமாகத்தான் பார்த்தேன். துணி சுற்றிய காந்தத்தைக் கதவு கதவாக ஒட்டிப் பார்த்தேன். நசுங்கிய இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவும். எல்லா இடத்திலும் பிடித்தது. நாலு டயரிலும் தயாரித்த வாரமும் வருடமும் ஒன்றாக இருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. வெள்ளத்தில் முங்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு நிற்கும். கோடு இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தேன். நாற்றம் இல்லை. அடுத்தது பிரேக் விளக்கு. அப்போதுதான் இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, பெரியவரின் மச்சினிச்சி, அதாவது அவர் மனைவியின் தங்கை, மாதா கோயில் பூசைக்குக் கட்டிப் போன பட்டுப்புடவையோடு வந்து டிரைவர் சீட்டில் ஏறினார். ரிட்டையர் ஆன நர்ஸ். அக்கா வீட்டோடுதான் இருக்கிறார்.

“மிதிக்கட்டா தம்பி?”

“மிதிங்கக்கா.”

“எரிதா?”

“எரிது.”

“அப்ப உயிர் கீது. நாடி பாத்தாச்சு, பீஸ எட்த்து வை” என்றார். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மணி ஒன்றாகிவிட்டது. கிளம்புகிறேன் என்றேன். “வவுத்த காய போட்டுகினு எங்க போற? கை கய்வு” என்றார் பெரியவரின் மனைவி, அந்த அம்மா. ஒரு மரியாதைக்குக்கூட நான் மறுக்கவில்லை. வஞ்சிர மீன் குழம்பு. மூன்று முறை சோறு போட்டார்கள். யாருமே என்னிடம் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. காசிமேட்டில் அன்று மீன் விலை, பங்குச் சாமியார் பிரசங்கத்தை இழுத்தது, எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கை காய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது, “கோல்டு ஸ்டார்ட் பாக்கணும்ணே. எஞ்சினு ராவெல்லாம் ஆறி கெடக்கணும். அடுத்த ஞாயித்துக்கெயம காலைல வரேன்” என்றேன். அது உண்மையான காரணம். சூடான எஞ்சின் எதையும் மறைத்துவிடும். பழைய டர்போ வண்டியை விற்கிறவர்கள் வாங்குகிறவன் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு போனபோது சில்லென்றுதான் இருந்தது. பெரியவர் அன்று ஸ்டார்ட்கூடச் செய்யாமல் எனக்காக வைத்திருந்தார். ஒரே திருப்பில் பிடித்தது. நீலப் புகை இல்லை, அதனால் ஆயில் எரியவில்லை. ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அதனால் தண்ணீர் கலக்கவில்லை. ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, திடீரென்று மிதிக்கச் சொல்லிப் பின்னால் பார்த்தேன். டர்போ சீல் தேய்ந்திருந்தால் அப்போதுதான் குபுக்கென்று புகை தள்ளும். தள்ளவில்லை. கம்ப்யூட்டரில் பவரைக் கூட்டி விட்டு ஓட்டிய வண்டியா என்று வேறு சந்தேகம். பைப் எல்லாம் கம்பெனி பைப்பாகவே இருந்தது. இந்த மனுஷன் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை.

பிறகுதான் நான் டிக்கிக்குள் ஏறினேன். யார்டில் இது தினப்படி வேலை. காலிப் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு, வெளியே இருக்கிறவரைக் கதவைச் சாத்தச் சொல்வோம். உள்ளே கும்மிருட்டு. எங்காவது குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். பின்னால் இடி வாங்கி வெட்டி ஒட்டிய வண்டி என்றால் டிக்கியிலும் அப்படி வெளிச்சம் கசியும் என்பது என் கணக்கு. வேறு எவனும் கார் வாங்க இப்படிச் செய்திருக்க மாட்டான். கால்களை மடக்கிப் படுத்து, “சாத்துங்கண்ணே” என்றேன்.

“சேசுவே! இந்தாளு இன்னாத்துக்கு டிக்கில பூந்துகினாரு?” என்று மச்சினிச்சியின் குரல்.

“ஓட்ட பாக்குறாராம்.”

“சாவிய எட்த்துகினு நாம ஒரு நட போயி மாங்கா வாங்கியாறலாமா?”

“ஐய, பாவம்டி. மூச்சு முட்டப் போவுது.”

உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. யார்டில் என்றால் பத்து விநாடியில் கதவைத் தட்டிவிடுவேன். அன்று தட்டவில்லை. “இருங்க, பாத்துகினு கீறேன்” என்று உள்ளிருந்து பொய் சொன்னேன். மூன்று பேரும் என்னைப் பற்றித்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பாவம் என்கிறார், ஒருவர் கிண்டல் செய்கிறார், ஒருவர் மூடியில் கையை வைத்துக்கொண்டு நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். அந்த இருட்டில் சுருண்டு படுத்தபடி நான் சந்தோஷமாக இருந்தேன். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. தூசி என்றேன்.

மூன்றாம் ஞாயிறு ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்ட, பெரியவர் பக்கத்தில். “நாங்க மட்டும் வூட்ல குந்தினு இன்னா பண்றது?” என்று அக்காவும் தங்கையும் பின்னால் ஏறிவிட்டார்கள். திருவொற்றியூர் வரை ஊர்ந்து, எண்ணூரைத் தாண்டி, வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு துண்டு காலியாகக் கிடைத்தது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுசாக மிதிக்க வேண்டும். எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். “மிதி நைனா, பயப்படாத” என்றார். மிதித்தேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, டர்போ விசில் அடித்து, எங்கள் நாலு பேரையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த அம்மா ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். தங்கை, “இன்னொரு தபா, இன்னொரு தபா” என்று என் தோளில் அடித்தார். பெரியவர் ஓ என்று கத்தினார். முப்பத்தி நாலு வருடம் மாட்டு வண்டி வேகத்தில் போன மனுஷன் கத்தின கத்து அது.

திரும்பி வரும் வழியில் நண்டு வாங்கினோம். அன்றைக்கே நான் வண்டியை எடுத்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. நண்டை உடைத்துக்கொண்டே, “ஜாக்கி போட்டு அடிப்பக்கம் பாக்கணும்ணே. கடலோரத்து வண்டி, உப்புக்காத்து அரிச்சிருக்கும். அடுத்த வாரம் வரேன்” என்றேன். சனிக்கிழமை தவறாமல் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறார் என்பதை முதல் நாளே கேட்டிருந்தேன். துரு இருக்காது என்று எனக்குத் தெரியும். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் தெரியும். வண்டியை எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு வர எனக்குக் காரணம் இல்லை. சும்மா வருகிறேன் என்று சொல்கிற மாதிரி எவனும் என்னை வளர்க்கவில்லை.

நான்காம் ஞாயிறு அடிப்பக்கம் பார்த்தாகிவிட்டது. துரு இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவர் வண்டியில் இருக்கிற நாலு காயத்தின் கதையையும் சொன்னார். இடது பின் கதவில் இருக்கிற பள்ளம், கோயில் திருநாளில் தேர் சந்து திரும்பும்போது கட்டை இடித்தது. “மாதா தொட்ட எடம். அத்த பெயிண்ட் அடிக்க மாட்டேன்னுட்டேன்.” பின் பம்பரில் இருக்கிற விரிசல், அந்த அம்மா அறுபது வயதில் கார் ஓட்டப் பழகுகிறேன் என்று ரிவர்ஸில் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. கூரையில் இருக்கிற குழி, மச்சினிச்சி மாடியிலிருந்து பூனையைத் துரத்த வீசிய தேங்காய். முன் பக்கக் கீறல், கண் போய்விட்டது என்று அவருக்கே தெரிந்த அன்று சுவரில் உரசியது. இதைச் சொன்னதும் அந்த அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

வீட்டுக்குப் போய் அந்த வாரம் முழுக்க யோசித்தேன். இனி சாக்கு இல்லை. வண்டியை எடுத்துவிடுவது, எடுத்த பிறகும் ஞாயிறு தோறும் வண்டியைக் காட்டுகிற சாக்கில் வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த முறைப்படி செய்ய வேண்டும் என்று தோன்றியது. யார்டிலிருந்து ஒரு பாரமும் புது சாக்பீஸும் எடுத்துப் பையில் வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஞாயிறு காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஐந்தாம் ஞாயிறு. பூசை முடிந்து ஜனங்கள் சந்துக்குள் வந்துகொண்டிருந்த நேரம். பெரியவர் பல் தேய்த்துக்கொண்டு உள்ளே இருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று வண்டியைச் சுற்றி வந்து வட்டம் போட்டேன். இடது பின் கதவு. பம்பர். கூரை. முன் பக்கக் கீறல். பிறகு நானாகக் கண்டுபிடித்த பொடிப் பொடிக் கீறல் எல்லாம். வெள்ளை வட்டமாக வண்டி முழுக்க. அன்பாகத்தான் செய்தேன். ஒவ்வொரு வட்டத்துக்கும், இதுவும் இனி என்னுடையது, இதுவும் என்னுடையது என்றுதான் மனதுக்குள் சொன்னேன்.

“இன்னாபா, வண்டி கண்டமா? காயலாங்கடைக்கா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வட்டங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “இத்தினியா?” என்று சிரித்தார். “பெர்சு நல்லா தலையில கட்டப் பாத்துகீது போல.”

பெரியவர் தோளில் துண்டோடு வந்து நின்றார். ஓரம் தெரியாத கண் என்பதால், தலையை முழுசாகத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்தார். நான் எழுதி முடித்த பாரத்தை நீட்டினேன். முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல மெதுவாகப் படித்தார். “இடது பின் கதவு. பள்ளம். நாலு சென்டிமீட்டர்.” ஒரு வரி தள்ளி. “கூரை. குழி. ரெண்டு சென்டிமீட்டர்.” அதற்கு மேல் படிக்கவில்லை.

“இதெல்லாம் உனுக்கு சோறு போட்டுகினு சொன்னது நைனா” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணே, எங்க யார்டுல வட்டம் போட்டா ஏத்துகினோம்னு அர்த்தம், வாணான்னா நாங்க எழுதவே மாட்டோம். இவ்வளவுதான். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. “வேலைன்னா இப்டிதாண்ணே. எய்தாத பொட்டிய நாங்க உள்ள உட மாட்டோம். உங்களுக்குப் புரியாது” என்றேன்.

உங்களுக்குப் புரியாது என்று யாரிடம் சொல்கிறேன்? எஞ்சினோடு முப்பத்தி நாலு வருடம் குடித்தனம் செய்த மனுஷனிடம்.

மச்சினிச்சி வெடித்துவிட்டார். “போன வாரம் ஒர்த்தன் கையில காசோட வந்து நின்னான்யா. நம்ம தம்பி பாத்துகினு கீறாரு, அவருக்குதான்னு சொல்லி அனுப்பனாரு எங்க மாமா. நீ இன்னாடான்னா நடுத்தெருவுல பொணத்துக்கு கோடு போடற மேறி போட்டு வெச்சிகீற!”

“உடு” என்றார் பெரியவர். என் சட்டைப் பையிலிருந்து அவரே பேனாவை எடுத்தார். எங்கே என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தார். “வெல நீயே சொல்லு. கொறச்சே சொல்லு. அதான் எய்தி கீதே.”

முதல் நாள் அவர் சொன்ன விலையையே சொன்னேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அது அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா ஒரு குவளைத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் வாங்கித் துடைக்கப் போனேன். துணியைத் தரவில்லை. “கோடு போட்ட வண்டியா தெருவ உட்டு போவ வாணாம்” என்று மட்டும் சொன்னார். கூரை எட்டவில்லை. எம்பி எம்பித் துடைத்தார். மணி பன்னிரண்டரை. உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. யாரும் கை கழுவு என்று சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பணம் போனதும், பேர் மாற்றுகிற பேப்பர் எல்லாம் வந்ததும் புரோக்கர் வழியாகத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பெரியவர் சரியாகப் போட்டிருந்தார். இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்று நாலைந்து முறை கிளம்பிவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் பூட்டைத் திறந்து திரும்ப உள்ளே போனேன். மன்னிப்புக் கேட்பது ஒரு பெரிய வேலையா? ஐயோ, எனக்கு அது வராது. வாய் வரை வரும், அதற்கு மேல் வராது.

வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் பார்த்துப் பார்த்து எழுதிய எதுவும் வளரவில்லை, புதிதாக எதுவும் கிளம்பவில்லை. ஞாயிறு காலை வள்ளூர் பக்கம் போய் அதே காலித் துண்டில் மிதிப்பேன். முதுகு சீட்டோடு ஒட்டும், டர்போ விசில் அடிக்கும். ஓ என்று கத்த ஆளில்லை. ஒரு தடவை நானே கத்திப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் இரண்டாவது சாவி என்னிடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். பத்துப் பைசா கீறலை எல்லாம் எழுதினவன் அதை விட்டுவிட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! காரணம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அண்ணே, வட்டம் போட்டா எங்க யார்டுல இன்னா அர்த்தம் தெரியுமா. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போய் வாசற்படி ஏறி, கிரில் கதவைத் தட்டினேன். அந்த அம்மா வந்தார். கையெல்லாம் மசாலா. என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது சாவி…” என்றேன்.

“அவரு அப்பவே எட்த்து வெச்சாரு. குடுக்கத்தான் ஆளில்ல.” உள்ளே போய் எடுத்துவந்து, கிரில் வழியாக நீட்டினார். உள்ளேயிருந்து பெரியவர் குரல் கேட்டது. யாரிடமோ ஒரு கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினிச்சி ஊடே ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தட்டு எடுத்து வைக்கிற சத்தம்.

சாவியை வாங்கிக்கொண்டேன். பழகி வைத்த பேச்சை விட்டுவிட்டு, சாவியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அம்மா போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாப்ட்டியா தம்பி?”

“ஆச்சுக்கா” என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

“மெய்யாலுமா?”

கிரில் பூட்டியிருக்கவில்லை. சும்மா சாத்தியிருந்தது. அவர் கை அதன் மேல்தான் இருந்தது.

“மெய்யாலுமேக்கா. இப்பதான் துன்னுட்டு வரேன்.”

“அப்ப செரி” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். நான் படியிறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்து நான் ஒரு டீகூடக் குடித்திருக்கவில்லை.